வருத்த மாமியும் பொத்துவில் மாப்பிள்ளையும்

எங்கள் ஊரில் எவருக்கும் சாதாரணக் காய்ச்சல் வந்ததே கிடையாது. வருத்த மாமி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கல்முனைக்குடியில் ஒரு பெண் தும்மினால், அந்தத் தும்மல் டொக்டரின் காதுக்குப் போய்ச் சேரும்போது நெஞ்சு வெடித்து, மூக்கால் இரத்தம் கொட்டி, பிள்ளைகள் அநாதையாகும் கட்டத்துக்கு வந்திருக்கும். இடையில் நடந்த அத்தனையையும் ஏற்பாடு செய்தவர் மாமிதான்.

இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் பக்கத்தில் நோயை வருத்தம் என்போம். ஊர்ப் பெண்களின் வருத்தங்களை அவர்கள் சார்பில் டொக்டரிடம் சொல்வதை மாமி தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை, யாரும் அவரை நியமிக்கவுமில்லை. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. சேலை முக்காடு, வாய் நிறைய வெற்றிலை, கையில் ஒரு கறுப்புக் குடை, இவ்வளவுதான் மாமி. வெயிலிலும் மழையிலும் அந்தக் குடை விரிந்து நான் பார்த்ததில்லை. வரிசையில் முந்துகிறவர்களை விலாவில் குத்துவதற்கென்றே அதை வைத்திருந்தார்.

அவரிடம் நான் மாட்டிக்கொண்டது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். உயர்தரப் பரீட்சையில் உயிரியல் எழுதி, மருத்துவ பீடத்துக்குக் கொஞ்சம் போதாத புள்ளிகள் எடுத்து, இரண்டாம் தரம் எழுதக் காத்திருந்தேன். எங்கள் பகுதி வாலிபர் சங்கத்தார் பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த பழைய நெல் களஞ்சியத்தில் சனிக்கிழமைகளில் இலவச கிளினிக் நடத்தினார்கள். "டொக்டராகப் போற புள்ள. இப்பவே போய்ப் பழகட்டும்" என்று வாப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்.

வாப்பாவுக்குக் கல்முனை பஸாரில் சாரன் விற்கும் துணிக்கடை. எங்கள் ஊர் வழக்கப்படி மகளுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். மற்ற வாப்பாமார் எல்லோரும் மகள் வீட்டுக்கு முன்னால் விறாந்தை வைத்துக் கட்டினார்கள். என் வாப்பா வீதியைப் பார்த்தபடி ஓர் அறையைக் கட்டினார். அதற்குத் தனிக் கதவு, வெளியே நோயாளிகள் உட்காரச் சீமெந்து வாங்கு, மூலையில் கை கழுவ ஒரு தொட்டி. எனக்கு இன்னும் கிடைக்காத பட்டத்துக்கு டிஸ்பென்சரி எழும்பிக்கொண்டிருந்தது. மேசன்மார்கூட என்னைக் கண்டால் "டொக்டரம்மா, தொட்டி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்று கேட்டார்கள்.

கிளினிக்குக்கு வந்த டொக்டர் யாழ்ப்பாணத்து மனிதர். வார நாட்களில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை, சனிக்கிழமைக் காலையில் எங்களுக்கு. மிகவும் சாந்தமானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமியைச் சந்திக்கும் வரைக்கும் அது உண்மையாகவே இருந்திருக்கும். வரிசை பார்ப்பது, காய்ச்சல் அளப்பது, புண் கழுவிக் கட்டுவது, மாமியைச் சமாளிப்பது ஆகியவை எனக்குத் தரப்பட்ட வேலைகள். முதல் மூன்றையும் ஒரு காலைக்குள் பழகிக்கொண்டேன்.

மாமி இல்லாமலும் முடியாது, அதுதான் பெரிய தொல்லை. எங்கள் பெண்கள் ஆண் டொக்டருக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டார்கள். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். வீட்டுக்காரரைக் கூட்டி வந்தால் அவருக்கு மனைவியின் வருத்தம் என்னவென்று தெரியாது. சிலருக்கு மனைவியின் வயதே தெரியாது. ஆகவே மாமி பக்கத்தில் நின்று சொல்வார். சொன்னால் பரவாயில்லை, கூட்டிச் சொல்வார்.

அதற்கு அவரிடம் ஒரு கொள்கையே இருந்தது. "டொக்டர்மார் நாம சொல்றதுல பாதியத்தான் நம்புவாங்க புள்ள. அதால கூட்டித்தான் சொல்லணும். வருத்தத்தைக் கொஞ்சமாச் சொன்னா மருந்தும் கொஞ்சமாத்தான் வரும்."

"மருந்து வருத்தத்துக்குத்தானே மாமி குடுக்கிற, கதைக்கா குடுக்கிற?"

"நீ இன்னும் படிச்சு முடியல்லதானே" என்றார் மாமி, மிகுந்த இரக்கத்தோடு.

ஒரு சனிக்கிழமை இருமலோடு ஓர் இளம் தாய் வந்தார். சாதாரண இருமல்தான், நானே கேட்டேன். அவர் கதிரையில் உட்காருவதற்குள் மாமி தொடங்கிவிட்டார். "டொக்டர், இவ இருமுற சத்தத்துல பக்கத்து ஊட்டு மாடு நாள் வர முந்தியே கண்டு போட்டுட்டு. சோறு இல்ல, தண்ணி இல்ல, நித்திரை இல்ல. நெஞ்சு ரெண்டாப் பிளக்குதாம். புள்ளைகள ஆருக்கிட்டக் குடுத்திட்டுப் போற எண்டு கேட்டுக் கேட்டு அழுறா."

அந்தப் பெண் திரும்பி மாமியைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்தார். பிறகு உண்மையாகவே அழத் தொடங்கினார். "எனக்கு இவ்வளவு வருத்தம் இரிக்கெண்டு எனக்குத் தெரியாதே மாமி."

"தெரிஞ்சாப் பயந்திருவாய் எண்டுதான் உனக்குச் சொல்லல்ல" என்று மாமி அவருடைய முதுகைத் தடவினார்.

டொக்டர் சும்மா இருக்கவில்லை. சில வாரங்களில் மாமி சொல்வதையெல்லாம் பாதியாக்கிக் கேட்கப் பழகிக்கொண்டார். ஒரு கிழமைக் காய்ச்சல் என்றால் அரைக் கிழமை. அதை மாமி எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு மடங்கு நான்கு மடங்கானது. டொக்டர் அதைக் காலாக்கினார். மாமி எட்டு மடங்குக்குப் போனார். ஏலத்தில் விலை ஏற்றுகிறவர்களைப் போல இரண்டு பேரும் மாறி மாறிப் போக, நடுவில் வெப்பமானியோடு நான் நின்றேன். அந்தக் காலத்தில் எங்கள் கிளினிக்கில் ஒருவருக்கு உண்மையில் என்ன வருத்தம் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

இது எங்கே போய் முடிந்ததென்றால், ஒரு நாள் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியை மாமி கூட்டி வந்தார்.

"எத்தினை மாதம்?" என்று கேட்டார் டொக்டர்.

"எட்டு" என்றார் மாமி, கொஞ்சமும் யோசிக்காமல்.

டொக்டர் வயிற்றைப் பரிசோதித்தார். "நாலு மாதம் மாதிரித்தானே இருக்கு."

"மாசம் நாலுதான் டொக்டர். ஆனா எட்டு மாச வருத்தம் படுறாள்."

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் தண்ணீர் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் ஒரு சட்டம் போட்டேன். நோயாளி மட்டும்தான் உள்ளே போகலாம், கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும். மாமி ஒரு வார்த்தை பேசாமல் குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். 

முதல் பெண் உள்ளே போனார். "என்னம்மா செய்யுது?" என்றார் டொக்டர்.

"ஒண்டுமில்ல."

"ஒண்டும் செய்யாமலே விடியக் காலமை வந்து வரிசையில நிண்டனீங்கள்?"

"மாமிக்குத் தெரியும்" என்றார் அந்தப் பெண், வாசலைக் காட்டி.

இரண்டாவது பெண்ணுக்கும் ஒன்றுமில்லை. மூன்றாவது பெண் ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லவில்லை, சும்மா இருந்துவிட்டு எழும்பிப் போனார். வெயில் ஏறுவதற்குள் கல்முனைக்குடியில் ஒரு பெண்ணுக்கும் ஒரு நோயும் இல்லை என்றாகிவிட்டது. டொக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பிள்ளை, அந்த மனுசியைக் கூப்பிடுங்கோ." மாமி உள்ளே வந்த வருகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேர்தலில் வென்றவர்கள்கூட அப்படி நடந்து வர மாட்டார்கள்.

அதற்குப் பிறகு டொக்டர் வேறு வழி பார்த்தார். பெண்கள் முதலில் திரைக்குப் பின்னால் என்னிடம் வர வேண்டும். காய்ச்சல் பார்க்கும்போதும் புண் கழுவும்போதும் நான் மெல்லக் கேட்டு வைத்துக்கொண்டு அவரிடம் சொல்ல வேண்டும். அங்கேதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒருவரின் காலைக் கழுவிக்கொண்டிருந்தால் நாம் குனிந்திருப்போம், அவர் நம் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அப்போது தானாகப் பேச்சு வரும். பாண்டிருப்பிலிருந்து வரும் தமிழ் மீன்காரக் குடும்பத்துப் பெண்களும் அப்படித்தான், வயலிலிருந்து வரும் எங்கள் பெண்களும் அப்படித்தான். போரும் இனப் பிரச்சினையுமான காலம் அது. ஒரு ஊர்ப் பெண்கள் அடுத்த ஊருக்கு வரவே யோசித்தார்கள். அவர்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்து வரிசையில் நிறுத்தியவர் மாமிதான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படி வந்தவர்களில் சம்மாந்துறைத் தாய் ஒருவர். சீனி வருத்தம், பாதத்தில் ஆறாத புண். வாரா வாரம் நான் கழுவிக் கட்டினேன். புண்ணின் ஓரங்களில் சிவப்பாகப் புதுத் தசை வரத் தொடங்கியிருந்தது. எனக்கு அந்தக் காலைப் பார்க்கப் பார்க்கப் பெருமை. அந்த நேரம் பார்த்து மாமி, நல்ல மருந்தாக வாங்கிக் கொடுக்கும் எண்ணத்தில், டொக்டரிடம் அவிழ்த்துவிட்டார். "கால் அழுகி எலும்பு தெரியுது டொக்டர். வெட்டத்தான் வேணும் போல."

டொக்டர் நம்பவில்லை. அந்தத் தாய் நம்பிவிட்டார்.

அடுத்த கிழமை அவர் வரவில்லை, அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. நான் மாமியையும் இழுத்துக்கொண்டு சம்மாந்துறைக்கு பஸ் ஏறினேன். மகள் வீட்டின் பின்னறையில், கதவைப் பூட்டிக்கொண்டு, புண்ணில் ஏதோ பச்சிலையை அரைத்துப் பூசிப் பழந்துணியால் சுற்றியபடி இருந்தார். நாங்கள் காலை வெட்ட ஆள் கூட்டி வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கதவைத் திறக்கவே மாட்டேன் என்றார். நான் அந்த வீட்டுக்கு எதிரேயிருந்த நெல் ஆலைக்கு முன்னால், ட்ரக்டர்கள் போகும் வீதியில் நின்றுகொண்டு மாமியைக் கண்டபடி ஏசினேன். "உங்கட வாயால ஒரு மனிசிட கால் போகப் போகுது. இனி நீங்க கிளினிக் பக்கம் வரவே வேணாம்." மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபடி வீட்டுக்குள் போனார்.

"நான் பொய் சொன்னன் கிளி" என்றார் கதவருகில் குந்தியிருந்து. "கால் நல்லாத்தான் இரிக்கு. டொக்டருக்குக் கூட்டிச் சொன்னன்."

"நான் பயந்திருவன் எண்டுதானே இப்ப இப்பிடிச் சொல்றீங்க" என்று உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

காலமெல்லாம் கூட்டிச் சொன்ன மனுஷி ஒரு நாள் உள்ளதைச் சொன்னால் யார் நம்புவார்கள். கடைசியில் மகள்தான் எப்படியோ கதவைத் திறக்க வைத்தார். நான் அந்தக் காலை என் மடியில் தூக்கி வைத்து, துணியை நனைத்து அவிழ்த்து, பச்சிலையைக் கழுவி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே பிடித்துக் காட்டினேன். "பாருங்க உம்மா, எலும்பு எங்க தெரியுது? இது புதுத் தசை." அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு காலை என் மடியிலேயே விட்டுவிட்டுத் தலையணையில் சாய்ந்தார்.

அதன்பிறகு நானே அடிக்கடி போய்க் கட்டினேன். சனியன் பிடித்த மாமியும் கூடவே வந்தார். வர வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. புண் ஆறியது. ஒரு நாள் அந்தத் தாய் என்னை வழியனுப்ப பஸ் தரிப்பிடம் வரை நடந்தே வந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. டொக்டர் பார்க்க வேண்டும், எழுதிக் கொடுக்க வேண்டும், அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். அது பெரிய வேலைதான், ஆனால் நான் ஆசைப்பட்ட வேலை அதில்லை. அந்தக் கால் ஆறும் வரைக்கும் கூட இருக்கும் வேலைதான் எனக்கு வேண்டும். நான் நேர்ஸாகப் போகிறேன்.

இதை நான் வீட்டில் சொன்ன அன்று, ஆள் செத்த மௌத்து வீடுகூட எங்கள் வீட்டிடம் தோற்றது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் மகள் டொக்டர் என்றால் வாப்பா தலையை நிமிர்த்தி நடப்பார். மகள் நேர்ஸ் என்றால் பின் வீதியால் போவார்.

"கவுனைப் போட்டுக்கிட்டு ராவு பகலா ஆம்பிளை வாட்டுல நிக்கப் போறியா?" என்றார் வாப்பா.

"டொக்டரும் ஆம்பிளை வாட்டுக்குப் போறவங்கதானே வாப்பா."

"டொக்டர் போறது வேற."

எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. உம்மா அழுதார். வாப்பா மேசன்மாரை வேலையை நிற்பாட்டச் சொன்னார். தொட்டிக்குக் குழாய் பூட்டாமலே அந்த அறை நின்றுவிட்டது. நேர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள், நாள் போய்க்கொண்டிருந்தது. "நேர்ஸை ஆரு கட்டுவான்?" என்பதே வாப்பாவின் கடைசிப் பதிலாக இருந்தது. 

அதற்கு மறுமொழி மாமியிடம் இருந்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை, வழக்கம் போல. குடையோடு வந்து, வாப்பாவுக்கு ஸலாம் சொல்லிக் கதிரையில் நன்றாக அமர்ந்தார்.

"தம்பி, புள்ள நேர்ஸுக்குப் போகப் போறாவாமே. அல்ஹம்துலில்லாஹ். நான் ஊர் ஊராத் தேடித் திரியிற புள்ள உங்கட ஊட்டுலயே இரிந்திரிக்கா."

"என்ன ராத்தா சொல்றீங்க?" என்றார் வாப்பா, மாமியை அக்கா முறை வைத்து.

"பொத்துவில்ல ஒரு மாப்பிள்ளை. தங்கமான பொடியன். அவர்ர உம்மா படுக்கையில கெடந்து மௌத்தானவ. கடைசி மட்டும் பாத்தது ஒரு நேர்ஸ் புள்ளதானாம். கட்டினா நேர்ஸைத்தான் கட்டுவன் எண்டு அண்டைக்கே நியத்து வெச்சிட்டார். எவ்வளவோ டீச்சர்மாரக் காட்டிட்டாங்க, தலையைக்கூட நிமித்திப் பாக்கல்ல."

வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சீதனம்?"

"அந்தப் பேச்சையே எடுக்கப்படாதாம்."

சாய்ந்திருந்த வாப்பா நிமிர்ந்து இருந்தார். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார். நான் மாமியின் பின்னால் கேட் வரை ஓடினேன்.

"மாமி, அப்பிடி ஒருத்தர் உண்மையா இரிக்காரா?"

"நேர்ஸ் புள்ளையைக் கட்டுற ஆம்பிளை ஒருத்தன் இந்தக் கரையில இல்லாமலா போவான்? நீ போய்ப் படி. நான் தேடுறன்."

எனக்குத் தலை சுற்றியது. ஏன் பொத்துவில் என்றும் அப்போதுதான் விளங்கியது. அந்தக் காலத்தில் கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குப் போவதென்றால் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியே பொழுது போய்விடும். வாப்பா விசாரிக்கப் போகமாட்டார் என்று மாமி கணக்குப் போட்டிருந்தார். திரும்பிப் போய் வாப்பாவிடம் உள்ளதைச் சொல்லலாம், என் உடுப்புப் பெட்டி அலமாரிக்குப் போகும். சொல்லாமல் விட்டால் நேர்ஸ் பயிற்சிக்கு மட்டக்களப்புக்குப் போகும். பெட்டி மட்டக்களப்புக்குப் போனது.

பயிற்சிக் காலத்தில் நான் லீவில் வரும்போதெல்லாம் அந்த மாப்பிள்ளை வளர்ந்திருந்தார். முதல் தடவை வந்தபோது மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞர். அடுத்த தடவை தலைமை எழுதுவினைஞர். அதற்கடுத்த தடவை சவூதிக்கே போய்விட்டார். நிறம் கூடியது, உயரம் கூடியது, ஐந்து நேரத் தொழுகையோடு நடுநிசித் தஹஜ்ஜுத் தொழுகையும் சேர்ந்தது. ஒரு நாள் மாமி பேரீச்சம்பழப் பார்சல் ஒன்றைக் கொண்டுவந்து உம்மாவிடம் நீட்டினார். "மாப்பிள்ளை அனுப்பினது."

வாப்பா ஒன்றை வாயில் போட்டு மென்றார். "கல்முனைச் சந்தையில விக்கிறதும் இப்பிடித்தான் இரிக்கு."

"அங்கயிருந்துதானே தம்பி இஞ்சயும் வாற" என்றார் மாமி.

வாப்பா நம்பினார். நம்ப விரும்பினார் என்றும் சொல்லலாம். கடையில் வருகிற போகிறவர்களிடம் "எங்கட மருமகன் சவூதியில" என்று தொடங்கிவிட்டார். நின்றுபோன அறை வேலை மறுபடி தொடங்கியது. மருமகன் வந்தால் ஒபிஸ் அறையாக வைத்துக்கொள்ளட்டுமாம். நான் ஒவ்வொரு லீவிலும் எரிச்சலை அடக்கிக்கொண்டு, இல்லாத மனிதருக்கு வெட்கப்பட்டுத் தலை குனிந்து நடக்க வேண்டியிருந்தது.

மாமி உண்மையாகவே தேடிக்கொண்டுதான் இருந்தார். நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று அந்தக் குடையோடு பஸ் ஏறி இறங்கினார். "என்ன மாமி, கெடைச்சாரா?" என்று கேட்டால் முகம் வாடிப் போகும். "எல்லாருக்கும் டீச்சர் புள்ளைதான் வேணுமாம். வருத்தம் வந்தா மட்டும் நேர்ஸ் வேணுமாம்."

பயிற்சி முடிந்தது. எனக்கு வேலையும் கிடைத்தது. வெள்ளைக் கவுனை மடித்து வைத்துக்கொண்டு ஊருக்கு வந்த அன்று வாப்பா சொன்னார், "இனி நாள் குறிக்கிறதுதான். சாச்சிட மகன் சவூதிக்குப் போறான். மாப்பிள்ளையை நேர்ல கண்டு கதைச்சிட்டு வரட்டும். ராத்தாட்ட விலாசத்தைக் கேளுங்க."

உம்மா ஆள் அனுப்பி மாமியிடம் விலாசம் கேட்டார். மறுநாள் காலையில் வீதி முனையிலிருந்தே ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. மாமி குடையைக்கூட மறந்துவிட்டு வந்திருந்தார்.

"போயிட்டாரே தம்பி. நம்மட மாப்பிள்ளை மௌத்தாப் போயிட்டாரே."

உம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். வாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். "எப்பிடி ராத்தா?"

"வெயில் அடிச்சு ரோட்டுல மயங்கி விழுந்திட்டாராம். விழுந்தவருக்கு மேலால லொறி ஏறிட்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியில ஹார்ட் அட்டாக் வந்து..." மாமிக்கு மேற்கொண்டு பேச முடியவில்லை. பயிற்சி பெற்ற நேர்ஸ் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மனிதரைக் கொல்ல இதில் ஒன்று போதும்.

"மையத்து?" என்று உடலைப் பற்றிக் கேட்டார் வாப்பா.

"அங்கேயே அடக்கிட்டாங்க."

"குடுத்து வெச்சவர், புனித மண்ணுல அடங்கிட்டார்" என்று உம்மா முந்தானையால் முகத்தை மூடி அழுதார்.

வாப்பா சுவரிலிருந்து கையை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையே எனக்குப் பிடிக்கவில்லை. "மாப்பிள்ளை விரும்பினார் எண்டுதானே இந்தப் படிப்புக்கு விட்டன். இனி அவ வேலைக்குப் போக வேணாம். ஊட்டோட இரிக்கட்டும்."

 நாளைக்குக் காலையில் நான் வேலையில் இருக்க வேண்டும். இவ்வளவு படிப்பும் ஓர் இல்லாத மனிதரோடு சேர்ந்து குழிக்குள் போகப் போகிறது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவும் முடியாது. சொன்னால் இன்னும் மோசம்.

மாமியின் அழுகை சட்டென்று நின்றது. "தம்பி, அப்பிடிச் சொல்லப்படாது. அவர் வசிய்யத்துச் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாராம்." சாகும்போது ஒரு மனிதர் விட்டுப் போகும் வேண்டுகோள் அது, அதை மீறுவதை வாப்பா கனவிலும் நினைக்க மாட்டார். "அந்தப் புள்ள வேலையை விடப்படாது, எங்கட உம்மாவப் பாத்த மாதிரி நாலு பேரப் பாக்கட்டும் எண்டாராம்."

"ஆருக்கிட்டச் சொன்னாராம்?" என்றேன் நான், தாங்க முடியாமல். லொறிக்கும் ஹார்ட் அட்டாக்குக்கும் இடையில் இவ்வளவு பேச நேரம் எங்கே கிடைத்தது?

மாமி முக்காட்டுக்குள்ளிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். கையில் குடை இருந்திருந்தால் என் விலா போயிருக்கும்.

வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வசிய்யத்தெண்டா மீற ஏலா" என்றார். "நாளைக்கு அவ போகட்டும்."

அன்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் மௌத்தானவருக்காக யாசீன் ஓதினார்கள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்தார்கள். வாப்பா ஆள் வைத்துச் சமைத்து ஏழைகளுக்குச் சோறு கொடுத்தார். நான் தலையை மூடிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தேன். வந்த பெண்கள் எல்லோரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். பின்னாளில் எனக்கு நல்ல மனிதர் ஒருவர் வாய்த்து, கல்யாணம் நடந்து, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இருந்தும் இவரோடு நான் சண்டை பிடித்தால் உம்மா இன்றைக்கும் "பொத்துவில் மாப்பிள்ளை எண்டா இப்பிடிக் கதைச்சிருக்க மாட்டார்" என்று பெருமூச்சு விடுகிறார்.

எல்லோரும் போன பிறகு மாமியைக் கேட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.  "இல்லாத ஒரு மனிசனுக்கு ஊரே கூடியிருந்து யாசீன் ஓதியிருக்கு மாமி. உங்களுக்குப் பயமா இல்லையா?"

மாமியின் வாயில் வெற்றிலையும் இல்லை. அழுத கண்கள் உண்மையாகவே வீங்கியிருந்தன.

"பொய் சொன்ன பாவத்தை அல்லாஹ் என்ட கணக்குல எழுதட்டும்" என்றார். "ஆனா ஓதினது வீணாப் போகாது புள்ள. பேர் தெரியாம, ஓத ஆளில்லாம இந்த மண்ணுக்குள்ள எத்தினை மையத்துக் கெடக்கு. அதுல ஒண்டுக்குப் போய்ச் சேரும்."

 "நேரத்தோட படு. விடிய ட்யூட்டிதானே" என்று சொல்லிவிட்டு அவர் வீதியில் இறங்கி நடந்தார். விடிந்ததும் நான் வேலைக்குப் போனேன். எனக்காக ஒரு மனிதரை உண்டாக்கி, உத்தியோகம் கொடுத்து, வெளிநாட்டுக்கு அனுப்பி, அடக்கமும் செய்து, அவருக்காகக் கண் வீங்க அழுத அந்த மனுஷியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எரிச்சல் தீர்வதற்குள் கண் நிறைந்துவிடுகிறது.